1978 செவி சி20, 454 பிக் பிளாக்... வாங்கலாமா வேணாமா?

கேட்டி_குமரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஹூஸ்டன் பக்கம் கேட்டில இருக்கேன், ரெண்டு வருஷம் முன்னாடி பிரென்ஹாம் கிட்ட அஞ்சு ஏக்கர் வாங்கிப் போட்டேன், வீட்டுலேர்ந்து 50 மைல் சொச்சம். சின்ன டிராக்டர் ஒண்ணு இருக்கு, அதோட லோடர், புல் வெட்டற கட்டர் எல்லாத்தையும் டிரெய்லர்ல ஏத்தினா மொத்தமா 7500 பவுண்ட் வருது. இதுவரை தெரிஞ்சவர் ஒருத்தர் டிரக்க இரவல் வாங்கித்தான் ஓட்டறேன், எத்தனை நாளைக்குத்தான் அவர் வாசல்ல போய் தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கறது.

இப்ப 1978 செவி சி20 பிக்கப் டிரக் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, 454 பிக் பிளாக் (454 கன இன்ச், அதாவது 7.4 லிட்டர் வி8 இன்ஜின்), ஆட்டோமேட்டிக், ரெண்டு டேங்க். 9500 டாலர் சொல்றார். "450 ஹார்ஸ்பவர், வீட்டையே பேத்து இழுத்துட்டுப் போகும்"னு ஒரே பெருமை. மைலேஜ் கேட்டேன், சிரிச்சாரே தவிர பதிலே வரல. மாசத்துக்கு ரெண்டு மூணு ட்ரிப்தான் எனக்கு. பழைய வண்டி அனுபவம்னு பாத்தா அப்பாவோட டிவிஎஸ் 50ல பிளக் கழட்டித் தொடச்சதோட சரி. பவர் நிஜமாவே அவ்ளோ இருக்கா, இல்ல யானையக் கட்டித் தீனி போடற கதையாகிடுமா? ஞாயித்துக்கிழமை நேர்ல போய் பாக்கறேன்.

சிவப்பு_ஃபோர்டு:
வாங்குங்க பாஸ். நான் ஓக்லஹோமால 1986 எஃப்250, 460 இன்ஜின், ஆறு வருஷமா வெச்சிருக்கேன். மைலேஜ் நான் சொல்றேன், காலியா போனா கேலனுக்கு 10, டிரெய்லர் மாட்டினா 8. விசேஷம் என்னன்னா வேற டிரக்குல லோடு ஏத்தினதும் மைலேஜ் பாதியா குறையும், இதுல எப்பவுமே மோசம்தான் அதனால குறையறதே தெரியாது :)

ஆனா அந்த இழுவை இருக்கே... பச்சை சிக்னல் விழுந்ததும் கால லேசா வெச்சா போதும், சத்தமே போடாம 1500 ஆர்பிஎம்லயே லோடோட நகர ஆரம்பிச்சிடும், பின்னாடி டிரெய்லர் இருக்கறதே மறந்துடும். இதைத்தான் நம்பர்ல சொல்ல முடியாது. ஒரே தொல்லை வெயில்தான், போன ஆகஸ்ட்ல பெட்ரோல் போட்டுட்டு பத்து நிமிஷம் நிறுத்தி வெச்சேன், திரும்ப ஸ்டார்ட் ஆகல, பெட்ரோல் லைனுக்குள்ளயே ஆவியாகிடுச்சு. பானட்டத் திறந்து வெச்சிட்டு அரை மணி நேரம் நிழல்ல உக்காந்திருந்தேன். வண்டியக் குத்தம் சொல்ல முடியாது, 40 வருஷப் பழைய ரப்பர் ஹோஸ், அதுல இப்ப வர எத்தனால் கலந்த பெட்ரோல். ஹோஸ் எல்லாம் மாத்தி எக்ஸாஸ்ட் பக்கத்துலேர்ந்து லைன தள்ளி வெச்சப்புறம் பிரச்சனை இல்ல.

நாலு_பேரல்:
மொதல்ல அந்த 450 கதைய முடிச்சிடுவோம். அது 1970 செவெல் எஸ்எஸ் கார்ல வந்த எல்எஸ்6 454க்கு போட்ட நம்பர், அதுவும் கிராஸ் கணக்கு, அதாவது ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்நேட்டர் சுமை எதுவும் இல்லாம இன்ஜின மட்டும் ஸ்டாண்டுல வெச்சு அளந்தது. 1972லேர்ந்து எல்லாரும் நெட் கணக்குக்கு, அதாவது அதெல்லாம் மாட்டி அளக்கறதுக்கு, மாறிட்டாங்க. டிரக்குல போட்ட 454 வேற ஜாதி, கம்ப்ரஷன் கம்மி, கேம் சாது. பத்து வருஷம் கழிச்சு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோட வந்து 1990 454 எஸ்எஸ் பிக்கப்ல போட்டதே 230 எச்பிதான், டார்க், அதாவது சுத்தித் திருப்பற பலம், மட்டும் 385 பவுண்ட்-அடி. உங்களுக்கு வேண்டியதும் அந்த ரெண்டாவது நம்பர்தான். நம்ம ஊர் பழைய லேலண்ட் லாரியெல்லாம் நூத்திச்சொச்சம் எச்பில எவ்ளோ பாரத்தை மேடேத்திச்சுன்னு யோசிச்சுப் பாருங்க, மெதுவா போகும், ஆனா போகும்.

இன்னொண்ணு, பிக் பிளாக்ங்கறது சிசி கணக்கு இல்ல, பிளாக்கோட சைஸ். செவில ஸ்மால் பிளாக்குக்கு ஒரு சிலிண்டர் நடுவுலேர்ந்து அடுத்த சிலிண்டர் நடுவுக்கு 4.40 இன்ச், பிக் பிளாக்குக்கு 4.84. 70ஓட ஆரம்பத்துல 400 ஸ்மால் பிளாக்கும் இருந்தது, 402 பிக் பிளாக்கும் இருந்தது, ரெண்டையும் 400னே வித்தாங்க, இன்னிக்கு வரைக்கும் பார்ட்ஸ் கடைல அதுக்கு சண்டை நடக்குது.

பெட்ரோல் கணக்கு பாப்போம். மாசம் ரெண்டு மூணு ட்ரிப்னா வருஷத்துக்கு 3000 மைல்னு வெச்சுக்கலாம். 9 மைலேஜ்ல 333 கேலன், கேலன் 3 டாலர்னா 1000 டாலர். 14 குடுக்கற புது டிரக்குனா 640 கிட்ட. வித்தியாசம் 360 டாலர், இதுக்கா பயப்படறீங்க, புது டிரக்கோட ஒரு மாச ட்யூவே அதவிட ஜாஸ்தி. ஆனா இதுலயே தினம் ஆபீஸ் போய் வருஷம் 12000 மைல் ஓட்டினீங்கன்னா 4000 டாலர், அப்ப தீனி யானைத் தீனிதான்.

என்னைக் கேட்டா இன்ஜின் இல்ல பிரச்சனை, மத்தது எல்லாம்தான். அதுல டிஎச்400 கியர்பாக்ஸ் இருந்தா மூணே கியர், ஹைவேல இன்ஜின மெதுவா சுத்த விடற ஓவர்டிரைவ் கிடையாது. பின் ஆக்சில் கியர் ரேஷியோ 4.10ஆ இருந்து 31 இன்ச் டயரும் இருந்தா 65 மைல் வேகத்துல இன்ஜின் 2900 ஆர்பிஎம்ல கத்திட்டே வரும், 50 மைலும். 4எல்80இங்கற நாலு கியர் பாக்ஸ மாத்தினா 0.75 ஓவர்டிரைவ் கிடைக்கும், 2200க்கு கீழ இறங்கிடும், ஆனா அந்தச் செலவு சின்னது இல்ல. அப்புறம் பிரேக். பின்னாடி டிரம், 7500 பவுண்ட இழுக்கறது பெரிசில்ல, நிறுத்தணும். டெக்சாஸ்ல 4500 பவுண்டுக்கு மேல போற டிரெய்லருக்கு அதோட சொந்த பிரேக் கட்டாயம், அதுக்கு கன்ட்ரோலர் டிரக்குல இருக்கான்னு பாருங்க.

ரெண்டு டேங்க்னு சொன்னீங்களே, 1973லேர்ந்து 87 வரைக்கும் வந்த இந்த மாடல்ல டேங்க் சேஸிஸுக்கு வெளிப்பக்கம் பாடி ஓரத்துல இருக்கும். பக்கவாட்டுல இடிச்சா தீப்பிடிக்குதுன்னு பெரிய கேஸ் நடந்து 1994ல அரசாங்கத்தோட 51 மில்லியன் டாலருக்கு சமரசம் ஆச்சு. டேங்க் துருப்பிடிச்சிருக்கா, கசியுதான்னு கண்டிப்பா கீழ படுத்துப் பாருங்க.

ஞாயித்துக்கிழமை போறப்ப வரதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்கன்னு சொல்லிடுங்க, சில்லுனு இருக்கறப்ப நீங்களே ஸ்டார்ட் பண்ணணும். நல்லா சூடானதும் ஆயில் பிரஷர் பாருங்க. முக்கியமா வால்வ் கவர் போல்ட் எண்ணுங்க. பிக் பிளாக்னா ஒரு பக்கத்துக்கு ஏழு, ஸ்மால் பிளாக்னா நாலு. 40 வருஷத்துல எத்தனை தடவை இன்ஜின் மாறிச்சோ யார் கண்டா.

டீசல்_பித்தன்:
எல்லாம் சரி, ஆனா ஏன்? 1989ல டாட்ஜ் பிக்கப்ல கம்மின்ஸ் 5.9 டீசல் வந்தப்ப வெறும் 160 எச்பி, டார்க் 400. 454ஐ விட ஒன்னரை லிட்டர் சின்ன இன்ஜின், மைலேஜ் கிட்டத்தட்ட டபுள். அன்னிக்கே இந்தக் கதை முடிஞ்சது. பிக் பிளாக்தான் வேணும்னா 2001லேர்ந்து 2006க்குள்ள வந்த செவி 8.1 பாருங்க, 340 எச்பி, 455 டார்க், இன்ஜெக்‌ஷன், நல்ல பிரேக். 78 வண்டிக்கு ஏசி வேலை செய்யுதான்னாவது கேட்டீங்களா? ஹூஸ்டன் ஜூலைல?

நாலு_பேரல்:
டீசல் பத்தி நீங்க சொல்றது வாஸ்தவம், ஆனா நல்ல 12 வால்வ் கம்மின்ஸ் இன்னிக்கு என்ன விலைக்குப் போகுதுன்னு பாத்தீங்களா? அவர் வருஷத்துக்கு 3000 மைல் ஓட்டறார், அந்த மைலேஜ் லாபத்துல போட்ட காச எடுக்கறதுக்குள்ள டிராக்டர் மக்கிடும். 8.1 பத்தி சொன்னது எனக்கும் சம்மதம். ஏசி விஷயத்துல வாயத் தொறக்க மாட்டேன்.

சிவப்பு_ஃபோர்டு:
குமரன், ஒரு நல்ல சேதி, 78 வண்டிக்கு ஹூஸ்டன்ல எமிஷன் டெஸ்ட் கிடையாது, 25 வருஷம் ஆன வண்டிக்கு விலக்கு. சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷனும் 2025 ஜனவரியோட சொந்த வண்டிகளுக்கு எடுத்துட்டாங்க. என் தம்பி கலிஃபோர்னியால இருக்கான், அங்க 1976லேர்ந்து வந்த எல்லாத்துக்கும் ஸ்மாக் டெஸ்ட் (அங்க எமிஷன் டெஸ்டுக்குப் பேரு), இதே வண்டிய வெச்சு அழுதுட்டு இருப்பீங்க.

கேட்டி_குமரன்:
போய்ட்டு வந்தேன். வண்டி பளபளன்னு இருக்கு, பெயிண்ட் புதுசு. அவர் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடா வெச்சிருந்தார், நான் வேண்டாம்னு சொல்லியும். ஓட்டிப் பாத்தேன், நல்லாத்தான் போச்சு, சத்தமும் ஜம்முனு இருந்தது, எனக்குப் பிடிச்சே போச்சு. பானட்டத் திறந்து போல்ட் எண்ணினேன். நாலு. அந்தப் பக்கமும் போய் எண்ணினேன், நாலு. "இது 350 ஸ்மால் பிளாக் இல்லையா"ன்னு கேட்டா, "நான் வாங்கறப்ப 454ன்னுதான் சொன்னாங்க"ங்கறார். டேங்க் ஒண்ணுல அடில ஈரமா இருந்தது வேற.

நாலு_பேரல்:
350ஆ? அது ஒண்ணும் கெட்ட இன்ஜின் இல்லயே, பார்ட்ஸும் சல்லிசு. 7500க்கு கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்ளோதான். இப்ப என்ன விலை சொல்றார்?

கேட்டி_குமரன்:
அதே 9500. ஏசி வேலை செய்யுதாம்.