சர்வேக்குப் போனால் இளைஞர்கள் வீட்டில் இல்லை: வெயிட்டேஜ் போட்டால் சரியாகிவிடுமா?

பட்டியலும் கையுமாக
வணக்கம். எம்.ஏ. ப்ராஜெக்டுக்காகத் திருப்பூரில் டவுன் பஸ், குடிநீர் இரண்டையும் பற்றி மக்கள் கருத்து கேட்கிறோம். 5 பூத், பூத்துக்கு 60 பேர் என்று வாக்காளர் பட்டியலில் இருந்து 300 பெயர்களை எடுத்தோம். பத்து நாள் அலைந்தும் கிடைத்தது 141 பேர்தான். 40 வயதுக்குள் உள்ள ஆண்கள் பட்டியலில் 62 பேர், பேசியவர்கள் 9 பேர்! ஒரு வீட்டில் பெரியம்மா, "அவன் பனியன் கம்பெனியில இருந்து வர ஒம்பது மணி ஆயிரும், நானே சொல்றேன் எழுதிக்க கண்ணு" என்றார். நான் எழுதவில்லை. கூட வரும் நண்பனோ வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு நிரப்பிவிடுகிறான்.

அந்த 9 பேருக்கு வெயிட்டேஜ் கூட்டிவிட்டால், அதாவது ஒவ்வொருவர் பதிலையும் பல பேர் பதிலாக எண்ணிவிட்டால், போதாதா?

ஊர்சுற்றி
இன்னும் 300 வீடு போங்கள். எண்ணிக்கை கூடினால் தானாகச் சரியாகும்.

களப்பணி
ஆகாது. 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடி வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தும், ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று சொல்லி மாட்டிக்கொண்டது. ஜெயித்தது ரூஸ்வெல்ட், 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி. அதே மாதிரி ஆட்களே திரும்பத் திரும்ப வந்தால் தப்புதான் பெரிதாகும்.

தம்பி, நீங்கள் எத்தனை மணிக்குப் போகிறீர்கள்?

பட்டியலும் கையுமாக
காலை 10 முதல் 1 வரை. அப்புறம் வெயில் தாங்கவில்லை.

களப்பணி
நோய் அங்கேதான் இருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவரை 11 மணிக்குத் தேடினால் எப்படிக் கிடைப்பார்? ராத்திரி எட்டரைக்கு மேல் போங்கள், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக் கூட்டம் ஓய்ந்த பிறகு போங்கள். அதே பெயருக்குக் குறைந்தது நாலு முறை, வேறு வேறு நேரத்தில். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பூட்டு, வேலைக்குப் போயிருக்கிறார், வீடு மாறிவிட்டார், இறந்துவிட்டார், மறுத்துவிட்டார் என்று குறியுங்கள். இறந்தவரையும் ஊர் மாறியவரையும் கணக்கில் இருந்து கழித்துவிடலாம், அது பட்டியலின் பழமை. பூட்டுக்கு மருந்து நேரம். மறுப்புக்கு மருந்து வேறு ஆள். பெண் ஒருவரை அனுப்பிப் பாருங்கள், சில கதவு திறக்கும்.

பக்கத்து வீட்டுப் படிவங்களை எடுத்துவிடுங்கள். வீட்டில் இல்லாதவருக்குப் பதில் வீட்டில் இருப்பவரைப் போட்டு ஓட்டையை மூடி மறைக்கிற வேலை அது.

கணக்குப்பிள்ளை
வெயிட்டேஜ் பற்றி. 9 பேரை வைத்து 62 பேரைச் சொல்வதென்றால் ஒவ்வொருவரும் ஏறக்குறைய 7 பேருக்காகப் பேச வேண்டும். ஒருவர் கோபத்தில் இருந்தாலே முடிவு ஆடும். அதைவிட முக்கியம், பகல் 11 மணிக்கு வீட்டில் இருக்கிற இளைஞர் காலை எட்டு மணி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர் இல்லையே. வெயிட்டேஜ் வயதைச் சரி செய்யும், பஸ் அனுபவத்தைக் கொண்டுவராது.

2015 பிரிட்டன் தேர்தலில் கருத்துக்கணிப்புகள் இழுபறி என்றன. கன்சர்வேடிவ் கட்சி லேபர் கட்சியை 6 சதவீதப் புள்ளிக்கு மேல் முந்தியது. கணிப்பு ஏன் தப்பியது என்று பேராசிரியர் பேட்ரிக் ஸ்டர்கிஸ் தலைமையில் நடந்த விசாரணையும் சாம்பிள் (கேள்வி கேட்கப் பிடித்த ஆட்கள்) மேல்தான் பழியைப் போட்டது, வெயிட்டேஜ் அதைச் சரிக்கட்டவில்லை என்றது. அதே ஆண்டு வீடு வீடாகப் போன பிரிட்டிஷ் சோஷியல் ஆட்டிட்யூட்ஸ் சர்வேயில் முதல் முறையே கிடைத்தவர்களிடம் லேபர் 6 புள்ளி முன்னால். மூன்று முதல் ஆறு முறை போய்ப் பிடித்தவர்களிடம் கன்சர்வேடிவ் 11 புள்ளி முன்னால்! ஆகவே எத்தனையாவது முறையில் கிடைத்தார் என்பதையும் படிவத்தில் எழுதுங்கள். முதல் முறைக்காரர், நாலாம் முறைக்காரர் பதில்களை ஒப்பிட்டால், கிடைக்காமலே போனவர்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று ஓரளவு தெரியும்.

வெயிட்டேஜ் கடைசியில் போடுங்கள். உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், பேசாதவர்களின் வயதும் பாலினமும்கூடப் பட்டியலிலேயே அச்சாகி இருக்கிறது. போனில் கேட்பவர்களுக்கு இது கிடைக்காது.

பட்டியலும் கையுமாக
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். பக்கத்து வீட்டுப் படிவம் 17, எடுத்தாயிற்று (நண்பன் இரண்டு நாள் பேசவில்லை). மீதி 124. ராத்திரியும் ஞாயிறுமாகப் போனதில் இன்னும் 58 பேர், அதில் இளைஞர்கள் 26. பகலில் பஸ் "பரவாயில்லை" என்றவர்கள்தான் அதிகம். ராத்திரி ஒருவர் படிவத்தை வாங்கிப் படித்துவிட்டு, "கடைசி வண்டி கிடைக்குதான்னு ஒரு கேள்வி இல்லையே தம்பி?" என்றார். இப்போது சேர்க்கலாமா?

கணக்குப்பிள்ளை
சேர்க்காதீர்கள், முன்னால் பேசியவர்களிடம் அதைக் கேட்கவில்லையே. ஓரத்தில் குறித்து வையுங்கள், அடுத்த சர்வேக்கு முதல் கேள்வி அதுதான்.