செந்நாய் எச்சத்தில் நாடாப்புழு முட்டை: பி.சி.ஆரில் உதவி தேவை

வணக்கம். முதுமலைச் செந்நாய் எச்சத்தில் நாடாப்புழு முட்டை தேடுகிறோம். தொற்று பயத்தால் முதலில் -80 டிகிரியில் ஒரு வாரம் வைத்துவிடுகிறோம். சாதா ஃப்ரீசரின் -20-க்கெல்லாம் எக்கினோகாக்கஸ் (மனிதருக்கும் தொற்றும் நாடாப்புழு) முட்டை சாகாது, ஆல்கஹாலையும் நம்ப முடியாது. பிறகு ஜிங்க் குளோரைடில் (அடர்த்தி 1.45) மிதக்கவிட்டு, 40 மைக்ரான் சல்லடையில் சலித்து, 20 மைக்ரானில் தேங்குவதை எடுக்கிறோம்.

முட்டை கிடைக்கிறது: ஆரக்கோடுள்ள தடித்த ஓடு, உள்ளே ஆறு கொக்கி. டீனியாவா (இன்னொரு வகை நாடாப்புழு) எக்கினோகாக்கஸா என்று மைக்ராஸ்கோப்பில் பிரிக்கவே முடியாது. பி.சி.ஆரில் (டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) பேண்டே, அதாவது டி.என்.ஏ. பெருகியதைக் காட்டும் கோடே, வருவதில்லை. டி.என்.ஏ. கரைசலைப் பத்து மடங்கு நீர்த்தும் வரவில்லை என்பதால், எச்சத்திலுள்ள தடுப்பான்களைவிட (பி.சி.ஆரைத் தடுக்கும் பொருட்கள்) ஓட்டின் மேல்தான் சந்தேகம்: அது உடையாமல் டி.என்.ஏ. வெளிவரவில்லையோ என்று.

ஓட்டை உடைக்க மணிகள் போட்டுக் குலுக்குவதா, உறையவைத்து உருக்குவதா? எத்தனை சுற்று?

புள்ளிமான் நுரையீரல் நீர்க்கட்டியின் (எக்கினோகாக்கஸ் இளம்புழுக் கட்டி) டி.என்.ஏ. யாரிடமாவது இருந்தால் ஒப்பீட்டுக்கு வேண்டும். வனத்துறை அனுமதியோடு எடுத்தது மட்டும், தயவுசெய்து.