ஏஜென்சி பேரோல் அனுபவத்தை ரெஸ்யூமேவில் எப்படிப் போடுவது?

கேள்வி: சென்னை, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மூன்று வருஷம் ஒரே ஏஜென்சி பேரோல் (சம்பளம் தருவது ஏஜென்சி), ஆனால் வேலை பார்த்தது நாலு கிளையன்ட் ஆபீஸில். தனித்தனியாகப் போட்டால் அடிக்கடி தாவுகிற ஆள் மாதிரித் தெரிகிறது. கிளையன்ட் பெயரையே கம்பெனியாகப் போடலாமா?

பதில் 1: கூடவே கூடாது. பி.எஃப். பாஸ்புக், ஃபார்ம் 16 (வருமான வரிப் பிடித்தச் சான்று), ரிலீவிங் லெட்டர் மூன்றிலும் ஏஜென்சி பெயர்தான் இருக்கும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் பெயர் ஒத்துப்போகாவிட்டால் கைக்கு வந்த ஆஃபரே போய்விடும். ஏஜென்சியைத் தலைப்பாக்கி, மொத்தக் காலத்தையும் மாதம், வருஷத்தோடு எழுதுங்கள். அதற்கடியில் ஒவ்வொரு கிளையன்ட்டும்: "தனியார் வங்கி, ஒப்பந்தம், 8 மாதம்". நாலு தாவல் ஒரே வேலையாகிவிடும், பொய்யும் இல்லை.

பதில் 2: கிளையன்ட் பெயரைப் போடுமுன் என்.டி.ஏ.வை (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) படித்துவிடுங்கள். தடை இருந்தால் துறையை மட்டும் சொன்னால் போதும்.

பலர் கோட்டை விடுவது நீட்டிப்பில்தான். 6 மாத ஒப்பந்தம் இரண்டு முறை நீண்டிருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். வேலை பிடிக்காமல் யாரும் நீட்டிக்க மாட்டார்கள்.

பதில் 3: குறுகிய ஒப்பந்தங்களுக்குப் பக்கத்தில் "ப்ராஜெக்ட் நிறைவு" என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் ஹெச்.ஆர். வேறு மாதிரி யோசிப்பார். "டெஸ்டிங் செய்தேன்" என்பதெல்லாம் வீண். எத்தனை டெஸ்ட் கேஸ், எந்த டூல், ரிலீஸ் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, இதைச் சொல்லுங்கள்.