வால் கிழிஞ்ச மீனு: கடியா, அரிப்பா, வைரஸா? உப்புவெள்ள டேங்க் வெச்சிருக்கவங்க அனுபவம் சொல்லுங்க

களியக்காவிளை:

வணக்கம் மக்கா. நம்ம மார்த்தாண்டம், பாறசாலை பக்கமெல்லாம் உப்புவெள்ள (கடல் தண்ணி) மீன் டேங்க் வைக்கியவங்க கூடிட்டு வாறாங்க, ரொம்ப சந்தோசம். ஆனா ஒரு விஷயம் மனசுக்கு கஷ்டமா இருக்கு, மீனுக்க வால் கொஞ்சம் பிஞ்சிருந்தா போதும், என்ன ஏதுன்னு பாக்காம காப்பர் மருந்த ஊத்திருதாங்க. காப்பர் ஒட்டுண்ணிக்கு உள்ள மருந்து, வெள்ளைப் புள்ளி, வெல்வெட் மாதிரி சீக்குக்குத்தான் கேக்கும். பாக்டீரியா ஏறி துடுப்ப அழுக வைக்குத அரிப்புக்கும் கடி காயத்துக்கும் அதால ஒரு பிரயோஜனமும் இல்ல, டேங்க்ல இறாலோ நத்தையோ கிடந்தா அதுகதான் மொதல்ல சாவும்.

என்கிட்ட நடந்தத சொல்லுதேன். ஒரு பட்டர்ஃப்ளை மீனு நல்லா தின்னுட்டு நிக்கும், ஆனா வால்ல ஒரு துண்டு காணாது, ரெண்டு நாள் விட்டுப் பாத்தா முதுகுத் துடுப்புல ஒரு துண்டு. காயத்துக்க விளிம்பு சுத்தமா இருந்துச்சு, வெள்ளை இல்ல, செவப்பு இல்ல, அரை வட்டமா எடுத்த மாதிரி. விளிம்பு சுத்தமா இருந்தா சீக்கு இல்ல, யாரோ கடிக்குதாங்கன்னு அர்த்தம், இத எல்லாரும் மனசுல வெச்சுக்கிடணும். கூடக் கிடந்த டேம்சல் மீனு மேலதான் சந்தேகம், அத தடுப்பு போட்டு பிரிச்சு வெச்சும் காயம் நிக்கல. பொறவு ஸ்டூல போட்டு டேங்க் முன்னால உக்காந்து பாத்தேன். க்ளீனர் ராஸ்னு (மத்த மீனுக்க மேல உள்ள ஒட்டுண்ணியத் தின்னு சுத்தம் பண்ணுத மீனு) சொல்லி ஒரு நண்பர் தந்த மீனு இருந்துச்சு, நீலமும் கறுப்பு வரியுமா, ஆட்டி ஆட்டித்தான் நீந்தும். பட்டர்ஃப்ளையும் சுத்தம் பண்ண வருதுன்னு நம்பி துடுப்ப விரிச்சிட்டு அசையாம நிக்குது, அது பைய பக்கத்துல வந்து வெடுக்குன்னு ஒரு கடி, பட்டர்ஃப்ளை துள்ளி ஓடுது!

கண்ணாடிக்கிட்ட வரும்போது மூஞ்சியப் பாத்தேன். உண்மையான க்ளீனருக்கு வாய் மூக்கு நுனியிலதான் இருக்கும், இதுக்கு மூக்கு முன்னால நீண்டு வாய் அடியில இருக்கு. க்ளீனர் வேஷம் போட்டு மத்த மீனுக்க துடுப்பையும் தோலையும் கடிச்சுத் தின்னுத ப்ளென்னி அது, கடல்லயும் இதே வேலையத்தான் செய்யும். அத மாத்தின பொறவு ஒரு மருந்தும் ஊத்தல, வெள்ளத்த சுத்தமா வெச்சேன், அவ்வளவுதான். மொதல்ல கண்ணாடி மாதிரி நிறமில்லாத புது சவ்வு வந்து மூடிச்சு, அப்புறம் பைய மஞ்சள் ஏறிச்சு. துடுப்புக்க அடிக் குருத்து கெடாம இருந்தா மீனு தானே வளத்துக்கிடும். பகல்ல ஒண்ணும் சிக்கலன்னா ராத்திரி செவப்பு வெளிச்சத்துல பாருங்க, மீனுக்கு அது அவ்வளவா தெரியாது. ராத்திரி தூங்குத மீனுக்க வால நறுக்குத நண்டு, இறால் எல்லாம் அப்பதான் வெளிய வரும்.

தேங்காப்பட்டணம்:

அண்ணா, எனக்க மச்சான் டேங்க்ல நடந்தது இதுக்கு நேர் எதிர். க்ளவுன் மீனு ஜோடி, நல்ல மழை நேரம். குழித்துறை ஆறு இங்க வந்துதான் கடல்ல விழுது, மழைக்கு ஆத்து வெள்ளம் கலங்கி அழிமுகம் முழுக்க செம்மண் நிறமா கிடக்கும், அந்த சமயத்துல கோரின வெள்ளத்த மூடின ட்ரம்ல போட்டு வெச்சு ஊத்திருக்கான். சாதாரணமா 1.025 பக்கம் நிக்க வேண்டிய ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (வெள்ளத்துல உப்பு எவ்வளவுன்னு காட்டுத அளவு) நல்லா கீழ கிடந்துச்சு, அமோனியா கிட் போட்டுப் பாத்தா பச்சை ஏறுது, உப்புவெள்ள டேங்க்ல அது சுத்தமா பூஜ்யமா இருக்கணும். மீனுக்க வால் விளிம்பு வெள்ளையா நைஞ்சு, நூல் நூலா தொங்குது, அடியில செவப்பு கோடு. இது கடி இல்ல, அரிப்பு. வெள்ளம் கெட்டு மீனு தளந்த நேரத்துல பாக்டீரியா ஏறிருச்சு. விளிம்பு மட்டும் வெள்ளையா இருந்தா நேரம் இருக்கு, செவப்பு அடிக்கு வந்து மீனு சாப்பாட்ட விட்டுட்டா அன்னைக்கே வைத்தியத்துல இறங்கணும்.

தனி டப்பாவுல ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு, அதே சூடு அதே உப்புல நல்ல வெள்ளம் மாத்தி, மீன் டாக்டர் சொன்ன அளவுல ஆன்டிபயாடிக் குடுத்தோம். மெயின் டேங்க்ல ஆன்டிபயாடிக் ஊத்தக்கூடாது கேட்டியளா, ஃபில்டர்ல உள்ள நல்ல பாக்டீரியாவும் செத்து அமோனியா மறுபடி ஏறும். ஒரு மீனு தேறிச்சு, பெருசு போயிருச்சு, அதுக்கு அரிப்பு வால் குருத்து வரைக்கும் போயிருந்துச்சு. மச்சான் ரொம்ப வருத்தப்பட்டான். இப்ப மழைக்கு முன்னாலயே வெள்ளம் எடுத்து காத்து ஓட்டி வைக்கான், இல்லன்னா உப்பு வாங்கிக் கலக்குதான்.

பாறசாலை:

எனக்க ஏஞ்சல் மீனுக்கு துடுப்பு ஓரத்துல வெள்ளையா முடிச்சு முடிச்சா வந்துச்சு, சின்ன காலிஃப்ளவர் பூவு மாதிரி. வெள்ளைப் புள்ளின்னு ஒருத்தர் சொன்னாரு, பிளேடால வெட்டி எடுன்னு இன்னொருத்தர். நான் விழிஞ்ஞம் பக்கம் மீனு வளத்துப் பழகின ஒரு சேட்டன்கிட்ட போட்டோ காட்டினேன், பாத்த உடனே லிம்ஃபோசிஸ்டிஸ்னு சொன்னாரு. வைரஸ், அத கொல்லுத மருந்து கிடையாது. மீனு பயமில்லாம, நல்ல வெள்ளத்துல, நல்லா தின்னுட்டு கிடந்தா தானே உதிரும். பாசியும் நறுக்கின இறாலும் மாத்தி மாத்திக் குடுத்தேன், ஒரு டேம்சல் விரட்டிட்டே இருந்துச்சு, அத வேற டேங்குக்கு மாத்தினேன். உதிர மாசக்கணக்குல ஆச்சு, ஆனா தழும்பே இல்ல. தயவுசெஞ்சு யாரும் வெட்டாதீங்க, அந்த முறிவுல பாக்டீரியா ஏறும்.

களியக்காவிளை:

நல்லா சொன்னிய ரெண்டு பேரும். இன்னொண்ணு: சர்ஜன், ஏஞ்சல் மாதிரி மீனுகளுக்கு மூஞ்சியில, உடம்புக்க பக்கக் கோட்டுல குழி விழுந்து துடுப்பும் தேஞ்சு போச்சுன்னா ஃபில்டர்ல போடுத கார்பனையும் (கரி) பாருங்க. அமெரிக்காவுல டொலிடோ மிருகக்காட்சி சாலையில சர்ஜன் மீனுகள வெச்சு சோதிச்சதுல லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) கார்பன் இதுக்கு ஒரு காரணம்னு தெரிஞ்சுச்சு, 2011ல எழுதியிருந்தாங்க. தூசி போக கழுவிப் போடுங்க, லிக்னைட் வகை வேண்டாம்.

இனி போட்டோ போடுறவங்க நீல லைட்ட அணைச்சு வெள்ளை லைட்ல, பக்கவாட்டுல எடுங்க. நீல வெளிச்சத்துல விளிம்பு வெள்ளையா செவப்பான்னு சொல்லவே முடியாது. கூடவே உப்பு, அமோனியா, டேங்க்ல வேற என்னென்ன மீனு இருக்குன்னும் எழுதுங்க.