கறுப்பு முகத்துக்குள் ஒரு 68: பழைய ஆம்ப் வாங்கியவர்களின் அனுபவங்கள்

ஈயப்புகை:
"1965 ஃபெண்டர் கிட்டார் ஆம்ப், எல்லாமே ஒரிஜினல்" என்று சொல்லித்தான் விற்றவர் கொடுத்தார். கறுப்பு முகப்பு, கை பட்டுத் தேய்ந்த குமிழ்கள். இரண்டு நிமிடம் வாசித்தேன், பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். பின்பக்கத்தைக் கழற்றிப் பார்க்கத் தோன்றியது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருக்கும் பாட் (பொட்டன்ஷியோமீட்டர்), அதன் முதுகில் 1376612 என்று இருந்தது. 137 என்றால் அதைச் செய்த சிடிஎஸ் கம்பெனி. 66 ஆண்டு, 12 வாரம். 65 கதை அங்கேயே ஆட்டம் கண்டது. போனில் கேட்டேன். "யாராவது பாட் மாற்றியிருப்பார்கள்" என்றார். சரி என்று சால்டரை டார்ச் அடித்துப் பார்த்தேன். மங்கிய சாம்பல் நிறம், ஓரத்தில் ரெசின் பழுப்பாக உறைந்து கிடக்கிறது. யாரும் கை வைத்த அடையாளமே இல்லை.

அப்புறம் டிரான்ஸ்பார்மர்: 606-8-14. 606 அதைச் செய்த ஷூமாக்கர் கம்பெனியின் எண், 8 ஆண்டு, 14 வாரம். ஸ்பீக்கர் கூட்டில் 465-820, அதாவது ஆக்ஸ்போர்டு கம்பெனி, ஆண்டு 8, 20ஆவது வாரம். ஆண்டுக்கு ஒற்றை இலக்கம்தான் என்பதால் 58, 68, 78 எதுவாகவும் இருக்கலாம். பாட் எண்ணில் 66 இருக்கிறதே, அதனால் 58 அடிபட்டது. உள்ளே வயரெல்லாம் துணி உறை போட்டது, ஆக 78-ம் இல்லை. பாகங்களில் எது கடைசியாகச் செய்யப்பட்டதோ அதுதான் கணக்கு: 1968 மே மாதத்துக்கு முன் இந்த ஆம்ப் பிறந்திருக்கவே முடியாது. அதற்குள் ஃபெண்டரில் கறுப்புக்குப் பதில் வெள்ளி முகப்பு வந்துவிட்டது. இதன் கறுப்புப் பலகை பிறகு மாட்டியது. ஸ்பீக்கர் துணியை உள்ளிருந்து பார்த்தால் ஸ்டேப்பிள் பின்கள் புத்தம் புதிதாக மின்னுகின்றன!

சத்தம் என்னவோ அருமை. கொடுத்த விலைதான் தூங்கவிடவில்லை.

வால்வுப்பித்தன்:
எனக்கு நடந்தது வேறு மாதிரி. அந்தக் கால ஃபெண்டரில் எந்த வால்வு (வெற்றிடக் குழல்) எங்கே என்று காட்டும் அட்டவணைத் தாள் ஒட்டியிருப்பார்கள், அதில் இரண்டு எழுத்து முத்திரை இருக்கும். முதல் எழுத்து ஆண்டு, ஏ என்றால் 1951. இரண்டாவது மாதம், ஏ என்றால் ஜனவரி. 'ஓபி' என்றால் 1965 பிப்ரவரி. எனக்குக் காட்டிய ஆம்பில் 'ஓஎம்'. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், எம் 13ஆவது எழுத்து. தாளும் தேநீரில் நனைத்து எடுத்த மாதிரி ஒரே சீராகப் பழுத்திருந்தது. ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

பழையகூடு:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஸ்பீக்கர் எண்ணை மட்டும் நம்பவேண்டாம், அது இரும்புக் கூட்டில் இருப்பது. என்னுடையதில் கூடு 1964, உள்ளே காகிதக் கூம்பு போன வருடம் மாற்றியது! மின்சப்ளை பக்கத்து ஃபில்டர் கெப்பாசிட்டர் மாற்றியிருந்தால் நான் குறையாகவே எடுத்துக்கொள்ளமாட்டேன். அது காய்ந்துபோகிற பொருள். மாற்றாமல் வைத்திருப்பதுதான் பயம். கழற்றிய பழையதை ஒரு பையில் போட்டுக் கூடவே கொடுத்தவர்களை உடனே நம்பியிருக்கிறேன்.

அப்புறம், ஈயப்புகை, பிளக்கைப் பிடுங்கினாலும் அந்தக் கெப்பாசிட்டரில் 400 வோல்ட் வரை தங்கியிருக்கும். டார்ச்சோடு உள்ளே கை விடுவதற்கு முன் மின்னூட்டத்தை இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?

ஈயப்புகை:
இறக்கினேன். முதல் தடவை இல்லை.