சூ சரி, கக்காவுக்கு மட்டும் பம்பேர்ஸ் கேட்கிறான்

கொக்குவில் அம்மா:
மகனுக்கு 2 வயதும் 9 மாதமும். சோளகக் காற்று அடிக்கத் தொடங்கியதும் பகலில் பம்பேர்ஸைக் கழற்றினேன். எட்டுக் காற்சட்டை தோய்த்துப் போட்டாலும் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும் என்ற துணிவுதான். முதல் கிழமை விறாந்தை முழுக்க ஈரம். மூன்றாம் கிழமை "அம்மா சூ" என்று தானாகவே முற்றத்துத் தென்னைக்கு ஓடினான். மாமிக்குப் பெருமை, தென்னைக்கும் நல்லதாம்.

கக்காதான் பிரச்சினை. காலையில் புட்டுச் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் மாறும். பம்பேர்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வருவான். கட்டிவிட்டால் கதவுக்குப் பின்னால் நின்று முடித்துவிட்டு வருவான். கட்டாவிட்டால் அடக்குவான். போன கிழமை மூன்று நாள் போகவே இல்லை. எங்கள் கக்கூஸ் வெளியே, கிணற்றடிக்குப் பக்கத்தில், குந்துகிற பழைய வகை. அந்த ஓட்டையைக் கண்டால் என் காலைக் கட்டிப்பிடிக்கிறான். சின்னப் பிள்ளைகள் இருந்து கக்கா போகிற பொட்டி வாங்கினேன், அதில் கரடிப் பொம்மையை இருத்தி வைத்திருக்கிறான். தையில் முன்பள்ளி. பம்பேர்ஸோடு எடுக்கமாட்டார்களாம். "ரெண்டு அடி போட்டா இருப்பான்" என்கிறார் மாமி. எனக்கு மனம் வரவில்லை.

சாவகச்சேரி, மூன்று பிள்ளைகள்:
அடிக்க வேண்டாம். முன்பள்ளியை விடுங்கள், முதலில் அந்த மூன்று நாளைக் கவனியுங்கள். ஒருமுறை இறுகிப் போய் நொந்திருந்தால் அந்த நோவுக்குப் பயந்து அடக்குவார்கள். அடக்க அடக்க இன்னும் இறுகும். என் நடுவிலாளுக்கு இதேதான். நாளுக்கு நாலு போத்தல் பால்மா குடித்துக்கொண்டிருந்தாள், சாப்பாடு இறங்கவில்லை. போத்தலைக் குறைத்துப் பப்பாப்பழம், கீரை, தண்ணீர் கூட்டிய பிறகுதான் இளகியது. அதுவரை பம்பேர்ஸ் கேட்டால் கட்டிவிடுங்கள். இதே மாதிரித் தொடர்ந்தாலோ, இரத்தம் கண்டாலோ டொக்டரிடம் காட்டுங்கள். கடையில் நீங்களாக மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மானிப்பாய் அப்பா:
2022இல் பம்பேர்ஸ் விலை ஏறியபோது நாங்கள் அவசரப்பட்டு ஒன்றரை வயதில் கழற்றினோம். இரண்டு மாதம் வீட்டில் ஒரே சண்டை. கடைசியில் திரும்பக் கட்டினோம். 2 வயது தாண்டியதும் பத்து நாளில் பழகிவிட்டாள். எங்களிடம் இருப்பது கொமோட். கால் தொங்கினால் முக்க முடியாது, ஒரு பலகை வைத்த பிறகுதான் சரிவந்தது. இரவில் நனைப்பதை இப்போதைக்கு யோசிக்காதீர்கள். 5 வயதுவரை கூட அது வழமைதான்.

பேரப்பிள்ளை பார்க்கும் அம்மம்மா:
பிள்ளை, நாங்கள் முற்றத்தில் பலகையில் இருந்து இரண்டு காலையும் நீட்டி, பாதத்துக்கு மேலே பிள்ளையை இருத்துவோம். முதுகு எங்கள் காலில் சாய்ந்திருக்கும். குந்தின மாதிரியே இருக்கும், விழுகிற பயமும் இல்லை. கீழே பழைய பேப்பர் போதும். சாப்பிட்டு ஒரு கால் மணித்தியாலத்தில் இருத்துங்கள், அப்போதுதான் குடல் அசையும். பிறகு அதைக் கக்கூஸில் கொட்டி, தண்ணீர் ஊற்ற அவனையே விடுங்கள். ஓட்டைப் பயம் மெல்லப் போகும். அடிக்கச் சொன்ன உங்கள் மாமியையே காலில் இருத்தச் சொல்லுங்கோவன்.

கொக்குவில் அம்மா (பன்னிரண்டு நாளுக்குப் பிறகு):
மாமி காலில் இருத்தினார். முதல் நாள் போனான். அடுத்த நாள் மாமிக்கு முழங்கால் நோவு, அதோடு அது நின்றது. ஆனால் அடிக் கதையும் நின்றது.

பால்மாப் போத்தலை நாளுக்கு இரண்டாகக் குறைத்தேன், கக்கா இளகிவிட்டது. பம்பேர்ஸ் கட்டலாம், ஆனால் கதவுக்குப் பின்னால் இல்லை, பொட்டியில் இருந்துதான் என்று அவனோடு பேசி முடித்தேன். நாலு நாள் கட்டிக்கொண்டே இருந்தான். பிறகு பம்பேர்ஸைக் கழற்றிப் பொட்டிக்குள் விரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான், இருந்தான், போனான். நேற்று விரிக்க மறந்துவிட்டேன், அவனும் கேட்கவில்லை.

இப்போது கரடிக்கு இன்னொரு பொட்டி வேணுமாம்.