இ-ஃபாயில் கட்டுபவர்களே, ஷாஃப்ட் கசிவுக்கு என்ன வழி?

வணக்கம். இ-ஃபாயில், அதாவது நீருக்கடியில் உள்ள இறக்கை தூக்கிவிட, தண்ணீருக்கு மேலே போகும் மின்சார ஹைட்ரோஃபாயில் சர்ஃப் பலகை ஒன்றைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பேட்டரியும் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரும் பலகைக்குள், மோட்டார் மட்டும் 75 செ.மீ. அலுமினியத் தண்டின் அடியில். பேட்டரி ஒயர் நீண்டால் மின்னழுத்தம் எகிறி கன்ட்ரோலர் போய்விடும் என்பதால் கன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஃபேஸ் ஒயர்களைத்தான் நீட்டினேன். அதுவரை சரி.

தலைவலி, மோட்டாரின் சுழலும் அச்சான ஷாஃப்ட் கூட்டிலிருந்து வெளியே வரும் இடத்தில். தொட்டியில் முக்கி வைத்தால் ஒரு சொட்டு இறங்காது. சுழல ஆரம்பித்ததும் மோட்டார் கூட்டுக்குள் ஈரம் கோத்துவிடுகிறது. ஷாஃப்டைப் பளபளவென்று தேய்த்தும் அதே கதை.

இரண்டு ஆயில் சீல் (ஷாஃப்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டு நடுவில் கிரீஸ் அடைத்தவர்கள் இருக்கிறீர்களா? உப்புத் தண்ணீரில் எவ்வளவு காலம் தாங்கியது? கூட்டையே எண்ணெயால் நிரப்பலாம் என்கிறார்கள். எண்ணெய் சூடாகி விரிந்தால் சீலையே வெளியே தள்ளிவிடாதா? பிரித்தெடுத்த படம் இருந்தால் போடுங்கள், புண்ணியமாகப் போகும்.